சுழல்கிறது, ஆயினும் இயங்கவில்லை: டீசல் வானின் நோய் அறிதல்

பிரித்தானியாவில் வாழும் நம்மவர் பலருக்கு டீசல் வான் என்பது வெறும் வாகனமன்று. குடும்பத்தின் அடுப்பு எரிவதற்குத் துணைநிற்கும் தொழிற்கருவியாகும். கடைக்குச் சரக்கு ஏற்றுவோர், பொதிகளை வீடுவீடாகக் கொண்டு சேர்ப்போர், கட்டட வேலைக்குச் செல்வோர் எனப் பலரும் அதனை நம்பியே அதிகாலையில் வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர். நமது விழாக்களுக்குரிய திரைச்சீலைகளும் ஒலிபெருக்கிகளுங்கூட யாரோ ஒரு பெற்றோரின் வானிலேதான் மண்டபத்தை வந்தடைகின்றன. அத்தகைய வான் ஒரு குளிர்நாளில் இயங்க மறுக்குமாயின், அன்றைய வருமானம் போகின்றது. வாக்களித்த வேலை தவறுகின்றது. காரணம் அறியாது உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினால், ஒரு வாரத்து வருமானமும் அதனோடு போய்விடக்கூடும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்திலே, நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே அதனைத் தணிக்கும் வழியைத் தேடுமாறு மருத்துவனுக்கு அறிவுறுத்துகின்றார். மனித உடலுக்குக் கூறிய இம்முறை இயந்திரத்துக்கும் முற்றிலும் பொருந்தும். வினாக்களைச் சரியான ஒழுங்கிலே கேட்டு, ஒவ்வொரு விடையாலும் ஐயத்தின் பரப்பைச் சுருக்கிக்கொண்டு செல்வதே நோய் அறிதல் ஆகும். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ஒரேயொரு நோய்க்குறி: திறப்பைத் திருப்பியதும் டீசல் வானின் இயந்திரம் நன்றாகச் சுழல்கிறது; ஆயினும் தானாக இயங்கத் தொடங்கவில்லை. இது ஏன் நிகழ்கிறது?

முதல் வினா: சுழல்கிறதா, இல்லையா?

"வான் ஸ்டார்ட் ஆகவில்லை" என்று நாம் பொதுவாகக் கூறிவிடுகின்றோம். இந்த ஒரு வசனத்துக்குள் வெவ்வேறான மூன்று நோய்கள் அடங்கியுள்ளன. திறப்பைத் திருப்பும்போது 'டிக்' என்னும் ஓசை மட்டும் எழுவது ஒன்று. ஓசையே எழாதிருப்பதும் இவ்வகையைச் சாரும். இயந்திரம் களைத்தவன் மூச்சு வாங்குவது போல மெதுவாகச் சுழல்வது இரண்டாவது. வழக்கமான வேகத்தில் சுழன்றும் இயங்காதிருப்பது மூன்றாவது.

முதலாவது நோயின் காரணம் பெரும்பாலும் பற்றரி, மின்கம்பி, ஸ்ராட்டர் மோட்டார் ஆகியவற்றுள் ஒன்றாகும். மூன்றாவது நோயில் ஸ்ராட்டர் மோட்டார் தன் கடமையைச் செய்துவிட்டது. எனவே அதனை மாற்றுவது வீண் செலவு. நடுவிலுள்ள மெதுவான சுழற்சியையோ பலர் 'நன்றாகத்தான் சுழல்கிறது' என்று எண்ணி ஏமாந்துபோகின்றனர். டீசல் இயந்திரத்துக்கு வெறுமனே சுழல்வது போதாது, விரைவாகச் சுழலவேண்டும். இதன் காரணத்தை அறிவதற்கு இயந்திரத்தின் அடிப்படையை நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

தீப்பொறி இல்லாத இயந்திரம்

1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே பிறந்தவர் ருடோல்ப் டீசல். தம் இயந்திரத்துக்கான காப்புரிமையை 1893இல் ஜேர்மனியிலே பெற்ற இவர், பல தோல்விகளுக்குப் பின்னர் 1897இல் அவுக்ஸ்பேர்க் நகரிலே அதனை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். எரிபொருளிலுள்ள சக்தியில் ஏறத்தாழ 26 வீதத்தை அந்த இயந்திரம் பயனுள்ள வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி இயந்திரங்கள் இதனை நெருங்கவும் இயலவில்லை.

பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைப்பதற்கு மின்பொறி உண்டு. டீசல் இயந்திரத்தில் அத்தகைய பொறி கிடையாது. மாணவர்களே, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பியின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். வளியை விரைவாக நெருக்கும்போது அதன் வெப்பநிலை உயர்வதே இதற்குக் காரணம். டீசல் இயந்திரத்தின் சிலிண்டருக்குள் புகும் வளியைப் பிஸ்டன் மேலெழுந்து தன் கனவளவில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு தொடக்கம் இருபத்திரண்டில் ஒரு பங்கு வரை நெருக்குகின்றது. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள வளியை இருபதில் ஒரு பங்காக, வெப்பம் சிறிதும் வெளியேறாதவாறு நெருக்கினால், கணக்கின்படி அது 700 பாகையை அண்மிக்கும். அந்த வெப்பத்திலே டீசலைப் பனித்துளி போல நுண்ணியதாகத் தெளித்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும்.

ஆயின், உண்மையான இயந்திரத்தில் வெப்பம் வெளியேறாதிருப்பதில்லை. குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர்கள் அதனை உறிஞ்சிக்கொள்கின்றன. நிமிடத்துக்கு 200 முறை சுழலும் இயந்திரத்தில், வளியை நெருக்கும் ஒவ்வோர் அடிப்புக்கும் 0.15 செக்கன் எடுக்கும். அதுவே 80 முறை மட்டும் சுழலுமாயின் 0.37 செக்கனுக்கு மேல் எடுக்கும். இந்த நீண்ட நேரத்தில் வெப்பம் சுவர்களுக்குள் சென்றுவிடும். பிஸ்டன் வளையங்களின் இடுக்குகளால் வளியுங் கசிந்துவிடும். எனவேதான் மெதுவான சுழற்சி டீசல் இயந்திரத்துக்கு ஆகாது.

இங்கே பெற்றோருக்கு நினைவிருக்கக்கூடிய ஒரு செய்தியையும் கூறலாம். 1990களில் பொருளாதாரத் தடையின்கீழிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாக இருந்தபோது, மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆயினும், குளிர்ந்திருக்கும் இயந்திரத்தை எழுப்புவதற்குச் சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விடவேண்டியிருந்தது. சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் ஆவியாகி எரிந்தது. அவை டீசல் இயந்திரங்கள் அல்லவெனினும், அவை புகட்டிய பாடம் ஒன்றே: இயந்திரத்தை ஓடவைப்பதிலும் முதன்முதலில் எழுப்புவதே கடினம், எழுப்புவதற்கு வெப்பம் வேண்டும்.

ஆகவே டீசல் இயந்திரம் இயங்குவதற்கு வேண்டுவன மூன்று: போதிய வளி, அவ்வளியை நெருக்குவதாற் பிறக்கும் போதிய வெப்பம், உரிய நேரத்தில் உரிய அமுக்கத்தில் வந்துசேரும் எரிபொருள். சுழன்றும் இயங்காத வானில் இம்மூன்றுள் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது. அது எதுவெனக் கண்டுபிடிப்பதே நமது பணி.

கருவியைக் கையிலெடுக்கு முன்னர்

எளிய காரணங்களை முதலில் நீக்கிவிடவேண்டும். இதற்குப் பணமுந் தேவையில்லை, கருவியுந் தேவையில்லை.

தாங்கியில் டீசல் இருக்கிறதா? அளவுகாட்டி பொய் கூறவுங் கூடும். சரிவான இடத்தில் நிறுத்தப்பட்ட வானில், தாங்கியின் ஒரு பக்கத்துக்கு டீசல் ஒதுங்கி, உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரியவுங் கூடும்.

கடைசியாக நிரப்பியது டீசல்தானா? பெற்றோல் நிலையங்களில் பெற்றோற் குழாயின் முனை ஒடுக்கமானது. அது டீசல் வானின் வாயினுள் எளிதாக நுழைந்துவிடும். தவறுதலாகப் பெற்றோலை நிரப்பியிருந்தால் திறப்பைத் திருப்பவே கூடாது. டீசலானது எரிபொருள் மட்டுமன்று; உயர் அமுக்கப் பம்பியின் உராய்வைத் தடுக்கும் எண்ணெயும் அதுவே. பெற்றோல் அந்தப் படலத்தைக் கழுவிவிடும்; உலோகங்கள் ஒன்றோடொன்று உரசி, உலோகத்தூள் குழாய்கள் எங்கும் பரவும். அட்புளூ என்னும் திரவத்தைத் தவறுதலாக டீசல் தாங்கியினுள் ஊற்றியிருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். திறப்பைத் தொடாது தாங்கியை வெறுமையாக்குவிப்பதே வழி.

முகப்புப் பலகையிலுள்ள விளக்குகள் என்ன கூறுகின்றன? 1990களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பாவில் விற்பனையாகும் வாகனங்களில், உரிய திறப்பை அடையாளங் கண்டாலன்றி இயந்திரத்தை இயங்கவிடாத களவுத் தடுப்பு முறை பொதுவாக இடம்பெற்றுள்ளது. அதன் விளக்கு விரைவாக மின்னினால், மற்றைய திறப்பைக் கொண்டு முயன்று பார்க்கவேண்டும். இத்தடை சில வான்களில் ஸ்ராட்டரையே நிறுத்திவிடும். வேறு சிலவற்றில் இயந்திரத்தைச் சுழலவிட்டு எரிபொருளை மட்டும் மறுக்கும். அட்புளூ பயன்படுத்தும் யூரோ 6 வான்களில் அத்திரவம் முற்றாகத் தீர்ந்துவிட்டால், முன்கூட்டிப் பலமுறை எச்சரித்த பின்னர், மீண்டும் இயங்க வான் மறுத்துவிடும்.

சில வான்களில் விபத்தின்போது எரிபொருளை நிறுத்துவதற்கென ஓர் ஆளி அமைந்திருக்கும். பள்ளத்தில் பலமாக விழுந்தாலோ, நிறுத்தியிருக்கும்போது வேறொரு வாகனம் மோதினாலோ அது தானாக விடுபட்டுவிடலாம். அதனை அழுத்தினால் வேலை முடிந்தது. இது எங்குள்ளது என்பதை வாகனக் கைந்நூல் கூறும்.

புகை கூறும் செய்தி

எளிய காரணங்கள் இல்லையெனில், அடுத்து நாம் கேட்கும் வினாவே இந்த ஆய்வின் நடுநாயகமானது. ஒருவர் திறப்பைத் திருப்பி இயந்திரத்தைப் பத்துச் செக்கன் சுழற்றட்டும். மற்றொருவர் திறந்த வெளியில், சற்று விலகி நின்று புகைக்குழாயைக் கவனிக்கட்டும். புகை வருகிறதா?

புகை சிறிதும் இல்லையெனில் டீசல் சிலிண்டருக்குள் வந்து சேரவில்லை எனப் பெரும்பாலுங் கொள்ளலாம். வெள்ளை அல்லது சாம்பல் நிறப் புகை, டீசல் மணத்துடன் வெளிவருமாயின், எரிபொருள் வந்துசேர்கிறது, ஆனால் எரியவில்லை. அங்கே குறைந்திருப்பது வெப்பம், அல்லது வளி.

குளிர்காலத்தில் எல்லா வாகனங்களும் வெண்புகை விடுகின்றனவே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நல்ல வினா. இயங்கும் இயந்திரத்தின் வெண்புகை பெரும்பாலும் நீராவி ஒடுங்கியதாகும். எரிபொருள் எரிவதால் அந்த நீர் உண்டாகிறது. இயங்காத இயந்திரத்திலோ எரிதலே நிகழவில்லை. ஆகவே அங்கு தோன்றும் வெண்புகை எரியாத டீசலின் நுண்துளிகளாகும். துகள் வடிகட்டி பொருத்திய புதிய வான்களில் புகை மங்கலாகவே தோன்றலாம். அங்கே மணத்தையுங் கருத்திற் கொள்ளவேண்டும்.

இந்த ஒரு நோக்கினால் ஐயத்தின் பரப்பு பாதியாகிவிட்டது.

புகை இல்லையெனில்: எரிபொருளின் வழி

ஆற்றில் நீர் வரவில்லையெனில் ஊற்றிலிருந்து கரையோரமாக நடந்து சென்று எங்கே தடைப்பட்டதெனப் பார்ப்போமல்லவா? எரிபொருளையும் அவ்வாறே தாங்கியிலிருந்து பின்தொடரவேண்டும்.

முதலிற் பார்க்கவேண்டியது வடிகட்டி. டீசலிலுள்ள மெழுகுப் பொருள் கடுங்குளிரில் உறைந்து, தேங்காயெண்ணெய் மார்கழியில் உறைவது போன்று, வடிகட்டியின் நுண்துளைகளை அடைத்துவிடும். இதன் பொருட்டுக் குளிர்காலத்துக்கெனத் தனியான கலவையை நிலையங்கள் விற்கின்றன. கோடையில் நிரப்பி நெடுநாள் நிறுத்திவைத்த வானில் இப்பாதுகாப்பு இராது. இன்று ஐரோப்பிய நியமத்தின்படி டீசலில் 7 வீதம் வரை தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து பெறும் உயிர்டீசல் கலந்திருக்கலாம். இது ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. வடிகட்டியின் அடியிலே தேங்கிய நீர் உறைந்தும் வழியை அடைக்கலாம். நீரும் டீசலும் சந்திக்குமிடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருஞ்சேறாகவும் அடைக்கலாம்.

இரண்டாவது, வளிக் கசிவு. குழாய் இணைப்பிலுள்ள றப்பர் வளையம் தேய்ந்துவிட்டால், வெளியே டீசல் ஒழுகாது; உள்ளே வளி புகும். வான் நிற்கும்போது டீசல் தாங்கியை நோக்கிப் பின்வாங்கிவிடும். இரவு முழுவதும் நின்ற பின்னர் மட்டும் இயங்க மறுத்து, நெடுநேரஞ் சுழற்றிய பின் இயங்குவது இந்நோயின் அடையாளம். மேட்டை நோக்கி முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தினால் நோய் மிகும். பல வான்களில் வடிகட்டிக்கு அருகில் ஒளிபுகும் குழாய் உண்டு. அதிலே குமிழிகள் ஓடுவதைக் கண்ணாலே காணலாம். கையால் அமுக்கும் பம்பி உள்ள வானில், அது இறுகும்வரை அமுக்கியபின் இயந்திரம் இயங்கினால், நோய் ஏறத்தாழ உறுதியாகிவிட்டது.

இதற்குப் பின் வழி இரண்டாகப் பிரிகிறது. பழைய வான்களில் எரிபொருளை முற்றிலும் இயந்திர முறையிலே செலுத்தும் பம்பி இருந்தது. அதன்மேல் எரிபொருளைத் திறந்து மூடும் மின்வால்வு ஒன்று உண்டு. திறப்பைத் திருப்பும்போது அது 'டிக்' என ஒலித்தல் வேண்டும். ஒலிக்காவிடின் அதற்கு 12 வோல்ற் மின் வருகிறதா என அளந்து பார்க்கவேண்டும். ஓர் உருகி எரிந்துபோன காரணத்தால், விலையுயர்ந்த பம்பியைக் குறைகூறுவது நியாயமாகாது.

1997இலிருந்து கார்களில் அறிமுகமாகி, பின்னர் வான்களிலும் பரவிய 'கொமன் ரெயில்' முறை வேறானது. இதிலே, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான தடித்த குழாய் ஒன்றில் டீசல் உயர் அமுக்கத்தில் நிரம்பியிருக்கும்; கணினி கட்டளையிடும் கணத்தில் இன்ஜெக்டர் திறக்கும். நம்மைச் சூழ்ந்த வளியின் அமுக்கம் ஏறத்தாழ 1 பார். இக்குழாயிலோ, சுழற்றும்போதே அமுக்கம் 200 பார் அல்லது அதற்கு மேலே எழவேண்டும். இயங்கும்போது 1,600 பாருக்கு மேலுஞ் செல்லும். குறித்த அமுக்கம் எழாவிடின் கணினி இன்ஜெக்டர்களைத் திறப்பதேயில்லை. அமுக்கத்தைக் கணினியிலிருந்து வாசிக்கும் கருவியை வானில் இணைத்தால் எண்ணையே காணலாம். அமுக்கம் எழவில்லையெனில் வடிகட்டி, வளிக் கசிவு, தாங்கியிலுள்ள பம்பி, அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, உள்ளே தேய்ந்து டீசலைத் திரும்பி ஒழுகவிடும் இன்ஜெக்டர் ஆகியவற்றை இவ்வொழுங்கிலே ஐயுறலாம். மலிவானது முதலிலும் விலையுயர்ந்தது ஈற்றிலும் வருவதைக் கவனியுங்கள்.

அமுக்கம் போதியளவு இருந்தும் புகை இல்லையா? அப்படியாயின் கணினி கட்டளையிடவில்லை. கிராங்க் தண்டின் நிலையை அறிவிக்கும் உணரி பழுதாகியிருந்தால், பிஸ்டன் எங்கேயுள்ளது என்பதே கணினிக்குத் தெரியாது. பல வான்களில் சுழற்சிவேகம் காட்டும் முள் சுழற்றும்போது சிறிது அசையும். அது சற்றும் அசையாதிருந்தால் இவ்வுணரியை ஐயுறலாம். ஓடிச் சூடேறியபின் திடீரென நின்று, ஆறியபின் மீண்டும் இயங்குவதும் இந்த உணரிப் பழுதின் வழக்கமான அடையாளமாகும்.

புகை உண்டெனில்: வெப்பத்தின் வழி

எரிபொருள் வந்தும் எரியவில்லையெனில், முதலில் சுழற்சியின் வேகத்தை மீண்டும் ஐயுறவேண்டும். நன்கு மின்னேற்றிய பற்றரி ஓய்விலிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். சுழற்றும்போது அது ஏறத்தாழ 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் பற்றரி வலுவிழந்துவிட்டது எனலாம். கடுங்குளிரில் பற்றரியின் வலிமை பெரிதுங் குறைகின்றது. அதே வேளையில் இயந்திர எண்ணெய் தடித்துச் சுழற்சிக்குத் தடையாகின்றது. வழங்குபவன் வறியவனாகும் நாளிலேயே கேட்பவன் கூடுதலாகக் கேட்கின்றான்! பற்றரி நல்லதாயினும், அதன் முனைகளிலும் இயந்திரத்துக்குச் செல்லும் நிலக்கம்பியிலும் படிந்த துரு மின்னைத் தடுக்கலாம்.

அடுத்தது, நம்மூர் மெக்கானிக்குகள் 'ஹீற்றர் பிளக்' என்று கூறும் குளோ பிளக். இது சிலிண்டருக்குள் நீட்டியிருக்கும் சிறு மின்சூடாக்கி. சில செக்கன்களில் 800 பாகைக்கு மேற் சிவந்து, குளிர்ந்த வளிக்குக் கைகொடுக்கும். நான்கில் ஒன்று பழுதானால் இயந்திரம் நடுங்கி, வெண்புகை விட்டு, பின்னர் இயங்கும். மூன்று, நான்கு பழுதானால் குளிர்காலையில் இயங்காது, நண்பகலிலோ இயங்கும். கோடையிற் குறை காட்டாத வான் முதற் பனியோடு நோயுறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. மின் இணைப்பைக் கழற்றி, ஒவ்வொன்றின் தடையையும் மல்ரிமீற்றரால் அளக்கலாம். நல்ல பிளக் ஏறத்தாழ 1 ஓம் அளவிலான மிகச் சிறிய தடையைக் காட்டும். அறுந்ததோ மின்னைச் செல்லவிடாது. எல்லா பிளக்குகளும் நல்லனவாயின், அவற்றுக்கு மின் வழங்கும் உருகியையும் ரிலேயையும் பார்க்கவேண்டும். புதிய வான்களிலுள்ள சில பிளக்குகள் 12 வோல்ற்றிலுங் குறைந்த மின்னுக்கென ஆக்கப்பட்டவை. அவற்றை நேரே பற்றரியோடு இணைத்துப் பரீட்சித்தல் ஆகாது.

மூன்றாவது வளி. வளி வடிகட்டி பனியாலோ இலைகளாலோ அடைபட்டிருக்கலாம். இயந்திரத்தை நிறுத்தும்போது வளிவழியை மூடும் தகடு சில வான்களில் உண்டு. அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் இயந்திரம் மூச்சுவிட இயலாது. எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப அனுப்பும் வால்வு கரிபடிந்து திறந்தபடியே நின்றாலும் இயங்குதல் கடினமாகும்.

இவையாவும் சரியெனில் மட்டுமே, இயந்திரத்தின் உள்ளுறுப்பு தேய்ந்து நெருக்கும் வலிமை குன்றியதோ என ஐயுறவேண்டும். நல்ல நிலையிலுள்ள டீசல் இயந்திரத்தில் நெருக்கல் அமுக்கத்தை அளந்தால் பெரும்பாலும் 25 முதல் 30 பார் வரை காட்டும். சிலிண்டர்களுக்கிடையே பெரும் வேறுபாடு இராது. இத்தேய்வு ஓரிரவில் வருவதன்று. ஆண்டுக்காண்டு குளிர்காலையில் எழுப்புவது கடினமாகி வந்திருக்கும்.

ஆயின், ஓரிரவிலே, அன்றி ஓடும்போதே, நெருக்கலை முற்றாக இழக்கச் செய்யும் நோய் ஒன்றுண்டு: ரைமிங் பெல்ட் அறுந்துபோதல். அப்போது இயந்திரம் வழக்கத்திலும் விரைவாக, ஏற்றவிறக்கமின்றி ஒரே சீராகச் சுழலும். 'றுவ் றுவ்' என்ற துடிப்பு இராது. இவ்வோசையைக் கேட்டவுடன் சுழற்றுவதை நிறுத்தவேண்டும். வால்வுகளிற் பிஸ்டன் மோதி ஏற்கெனவே சேதம் நிகழ்ந்திருக்கும். மேலும் சுழற்றினால் அது பெருகும்.

செய்யத் தகாதவை

நோயறியும் ஆர்வத்தில் உடலுக்குத் தீங்கு விளைவித்துக்கொள்ளல் ஆகாது. பழைய வான்களில் இன்ஜெக்டர்க் குழாயின் திருகைச் சற்றுத் தளர்த்தி, சுழற்றும்போது டீசல் வருகிறதா எனப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். கொமன் ரெயில் முறையுள்ள வானில் இதனை ஒருபோதுஞ் செய்தலாகாது. உயர் அமுக்கத்திற் பீறிடும் டீசல் ஊசியைப்போலத் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் ஒரு சிறு புள்ளியாகவே தோன்றும். தொடக்கத்தில் வலியும் இராது. ஆயினும் உள்ளே தசை அழிந்து, விரலையோ கையையோ அகற்றும் நிலை ஏற்படலாம். அவ்வாறு நேர்ந்தால் காத்திராது உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லவேண்டும்.

இயந்திரத்தை எழுப்புவதற்கெனக் கடைகளில் விற்கும் ஈதர் தெளிப்பான் மற்றொரு தீங்கு. சிவந்திருக்கும் குளோ பிளக்கின் மேல் அந்த ஆவி பட்டால், பிஸ்டன் மேலெழுமுன்னரே வெடித்து இயந்திரத்தைச் சிதைக்கலாம், முகத்தையுஞ் சுடலாம். ஸ்ராட்டரை ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேற் சுழற்றுவதும் தவறு. இடையே ஒரு நிமிடமாவது ஆறவிடவேண்டும். மூடிய கராஜினுள் புகையை ஆராய்தலும், பிள்ளைகளைச் சுழலும் பட்டிகளுக்கு அண்மையில் நிற்கவிடுதலும் முற்றாகத் தவிர்க்கப்படவேண்டும்.

பெற்றோரும் பிள்ளைகளும் இணைந்து

மேலே கூறியவற்றை யாவரும் தம் கையாலே திருத்தவேண்டும் என்பது நமது கருத்தன்று. பலர் வானைக் கராஜுக்கே கொண்டுசெல்வர், அதுவே தகும். ஆயின், கராஜிலே நாம் கூறும் முதல் வசனம் செலவையும் காலத்தையும் பெரிதும் தீர்மானிக்கின்றது. 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று மட்டும் கூறினால், திருத்துநர் பற்றரியிலிருந்து தொடங்குவார். அல்லது தம் மனதிற் பட்ட ஒன்றை மாற்றிப்பார்ப்பார். 'நன்றாகச் சுழல்கிறது, இயங்கவில்லை, புகை இல்லை, வேகமுள் அசையவில்லை, நேற்று மாலை சூடாக ஓடும்போது ஒருமுறை நின்றது' என்று கூறினால், அவர் நேரே உணரியிடஞ் செல்வார்.

நம் வீடுகளில் பெற்றோருக்காக ஆங்கிலத்திற் பேசும் பொறுப்பு பல வேளைகளிற் பிள்ளைகளையே சாருகின்றது. வைத்தியரிடத்திலும், வங்கியிலும், கராஜிலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கின்றது. தந்தை தமிழிலே சுழல்வதையும் இயங்குவதையும் வேறுபடுத்திக் கூறினாலன்றிப் பிள்ளையால் ஆங்கிலத்தில் அதனை வேறுபடுத்த இயலாது. அந்த இரு தமிழ்ச் சொற்களின் வேறுபாட்டைப் பிள்ளை அறியாதிருந்தாலோ, தந்தை சரியாகக் கூறியதும் வழியிலே தொலைந்துபோகும். மொழியைச் செம்மையாகக் கற்பது பேச்சுப் போட்டிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

ஆகவே பெற்றோரே, அடுத்தமுறை வான் மறுக்கும்போது பிள்ளையை அழைத்துப் புகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். மாணவர்களே, ஒரு தாளிலே பின்வருவனவற்றைத் தமிழில் எழுதுங்கள்: சுழலும் வேகம் எப்படி? ஓசை எப்படி? புகை உண்டா, என்ன நிறம்? எந்த விளக்கு எரிகிறது? கடைசியாக எப்போது, எங்கே எரிபொருள் நிரப்பியது? குளிர்ந்திருக்கும்போது மட்டுமா, சூடாக இருக்கும்போதுமா? அண்மையில் என்ன வேலை செய்யப்பட்டது? இவ்வேழு விடைகளையும் ஆங்கிலத்தில் மாற்றிக் கராஜுக்கு எடுத்துச் செல்லுங்கள். அத்தாள் பல உதிரிப்பாகங்களின் விலையை மீதப்படுத்தித் தரும்.

மின்சார வான்கள் பெருகிவருகின்றன. டீசல் இயந்திரங்கள் ஒருநாள் தெருவிலிருந்து மறையவுங் கூடும். ஆயினும், உற்றுநோக்குதல், ஒழுங்காக வினவுதல், கண்டதைக் கண்டவாறே சொல்லுதல் ஆகிய மூன்றும் எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும். அவற்றை நம் பிள்ளைகள் வீட்டு வாசலில் நிற்கும் வானிடமிருந்தே கற்கத் தொடங்கலாம்.